எழுபது வளைவு லஸ்கர்

அணைக்கட்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் திறந்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைக் கணக்கு வழக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் காலையில் ஓர் அணைக்கட்டிடம் போய், "நல்லாருக்கியா கண்ணு?" என்று நலம் விசாரித்து, அது சொன்ன பதிலை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லஸ்கர்.

லஸ்கர் என்றதும் பட்டாளத்து ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். அணை, ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, கரையைக் காவல் காக்கிற ஆளுக்கு அரசாங்கத்தில் அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கண்டிப்பாக இருந்திருக்கும். மூன்று வருஷத்தில் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொல்லிமலையில் அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் லஸ்கர் என்றால் அவர்தான்.

என்னை அங்கே படகுத்துறைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். நான் மன்னார்குடிக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் அது வேகத்தடை. எனக்கு நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது, குளிர் என்றால் மார்கழியில் நாலு நாள் என்றுதான் தெரியும். எந்த மகானுபாவன் இந்த ஆணையில் கையெழுத்துப் போட்டான் என்று திட்டிக்கொண்டே மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதுக்கு மேல் திட்டவும் தெம்பில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். இரண்டு குன்றுகளுக்கு நடுவே பழைய மண் கரை ஒன்று. தண்ணீர்ப் பக்கம் கல் பதித்து, நடுவில் ஒரு மதகு, ஓரத்தில் உபரி நீர் வழிய ஒரு கலிங்கு. தண்ணீரில் பதினோரு மிதி படகுகள், எல்லாம் வாத்து வடிவம், அதில் ஒரு வாத்துக்கு மூக்கு இல்லை. தலை சுற்றியதால் பெட்டியைக் கரைமேல் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேட்டி சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவர் தூரத்திலிருந்து ஓடி வந்தார்.

"சாமி, எந்திரிங்க! மொதல்ல பொட்டியத் தூக்குங்க!"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"அந்த எடம் கொஞ்சம் எளைச்ச எடமுங்க. சித்த அப்பிடி வந்து இந்தக் கல்லு மேல உக்காருங்க. இது தெம்பா இருக்கும்."

நான் எழுந்தேன். அவர் குனிந்து, நான் உட்கார்ந்திருந்த மண்ணைக் கையால் தடவிக் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்து, புதிய பொறுப்பாளரா என்று விசாரித்தார். வரிசை இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றே புரிந்துபோனது.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படகுத்துறைக்கு வந்த ஜாக்கெட்டுகளில் ஒன்று, நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் உடம்பில் ஏறிவிட்டது, பிறகு இறங்கவே இல்லை. அவர் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் ரேஷன் கடைக்கு அதோடு போவார், சந்தைக்கு அதோடு போவார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அவர் பிறந்த திருப்புலி நாட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நடந்தது. பட்டுக்கரை வேட்டி கட்டி, அதற்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மாப்பிள்ளையைவிட எடுப்பாக அவர்தான் தெரிந்தார்.

"என்ன லஸ்கர், கல்யாண வீட்டுல வெள்ளமா வரப்போவுது?" என்று கேட்டேன்.

"குளிருக்கு இதமா இருக்குதுங்க சாமி. அதுவுமில்லாம, கரையில நிக்கிற கெழவன் நானே போட்டிருந்தாத்தானுங்க தண்ணிக்குள்ள போறவிய போடுவாங்க?"

அதில் நியாயம் இருந்தது. "அதெல்லாம் வேண்டாம் சார், போட்டோவுல நல்லா இருக்காது" என்று என்னிடம் மல்லுக்கட்டும் ஆட்கள், கரையில் நிற்கும் அவரைப் பார்த்ததும் பேசாமல் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். என் மூன்று வருஷத்தில் ஒருவர்கூடத் தண்ணீரில் தவறி விழவில்லை என்று நான் மேலிடத்துக்கு எழுதிய பெருமையெல்லாம் அந்த ஜாக்கெட்டைத்தான் சேரும்.

இப்போது வாளிக் கதைக்கு வருகிறேன்.

மண் கரை என்றால் கசியும். கரையின் பின்பக்கம், அடிவாரத்தில், கசிகிற தண்ணீரெல்லாம் ஒரு கல் வாய்க்காலில் சேர்ந்து சின்ன இரும்புக் குழாய் வழியாக விழும். தினமும் காலை ஏழு மணிக்கு லஸ்கர் அந்தக் குழாய்க்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியை வைப்பார். வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அணையின் அன்றைய உடல்நிலை. சீக்கிரம் நிரம்பினால் கசிவு அதிகம், மெதுவாக நிரம்பினால் குறைவு. இதுவரை எல்லாம் சரி. ஆனால் நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்க்கமாட்டார். வளைவில் பார்ப்பார்.

முதல் தடவை நான் பார்த்தபோது பயந்தே போனேன். வாளியை வைத்ததும் கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தார். "ஒண்ணு" என்றார். உடம்பை இடது பக்கம் சாய்த்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, "பாம்" என்று ஹாரன் அடித்து, நிமிர்த்தினார். "ரெண்டு." வலது பக்கம் சாய்ந்தார். "பாம்." இப்படியே கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸை மலையிலிருந்து இறக்கிக்கொண்டே போனார். வாளி வழிந்து தண்ணீர் அவர் காலில் பட்டதும் பிரேக் போட்டார்.

"அம்பத்தாறு" என்றார் என்னிடம். நோட்டிலும் எழுதினார்: கசிவு, 56 வளைவு. தண்ணீர், தெளிவு.

சாலையோரப் பலகைகளில் அடிவாரத்திலிருந்துதான் எண் போட்டிருக்கும். லஸ்கர் மேலேயிருந்து எண்ணுவார். மேலே இருக்கிறவனுக்கு மேலேதானே ஒன்று என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்த முப்பது பேர் கரைமேல் ஸ்பீக்கரை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். குதிக்காதீர்கள் என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. லஸ்கர் கத்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பத்து நிமிஷம் கழித்து மேலே வந்து, கூட்டத்தின் நடுவே நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"ஏனுங்க, நீங்க ஆடுனதுல ரெண்டு வளைவு கொறஞ்சு போச்சுங்க."

ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "எந்தப் பாட்டுக்கு அண்ணே?" என்றான்.

"ரெண்டாவது பாட்டுக்குங்க. அதுல ஒரே நேரத்துல எல்லாரும் குதிக்கிறீங்க. அதைக் கீழ வண்டி நிறுத்துற எடத்துல ஆடுனீங்கன்னா ஆருக்கும் வருத்தமில்லீங்க."

என்ன புரிந்ததோ, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்கள். ஆட்டத்தில் கசிவு நிஜமாகவே கூடியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு அதில் துளிச் சந்தேகமும் கிடையாது.

அடுத்தது நண்டு விவகாரம். கரையில் நண்டுகள் வங்கு தோண்டின. வங்கு பெரிதானால் தண்ணீர் அதற்குள் வழி கண்டுபிடித்துவிடும். லஸ்கர் களிமண்ணை வைத்து அடைப்பார், மறுநாள் நண்டு பக்கத்தில் புதிதாகத் தோண்டும். கடைசியில் என்னை உட்காரவைத்து மனு எழுதச் சொன்னார். "மேற்படி கரையில் நண்டுகள் அனுமதியின்றி வங்கு தோண்டிக் குடியிருந்து வருகின்றன. பலமுறை அகற்றியும் கேட்கவில்லை" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: வங்குகளின் விவரத்தைப் பட்டியலிட்டு அனுப்பவும். கிண்டலுக்கு எழுதினார்களா, பழக்கதோஷத்தில் எழுதினார்களா, தெரியவில்லை. லஸ்கர் ஒரு வாரம் கரை முழுக்கத் தவழ்ந்து பட்டியல் தயாரித்தார். இடம், அகலம், ஆழம் என்று கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்துக்கு "குணம்" என்று தலைப்பு வைத்தார். மதகுக்கு வலப்பக்க நண்டுக்கு நேராக "முரடு" என்று இருந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உதவிப் பொறியாளர் ஒருவர் ஜீப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். நல்ல பையன், வேலையில் அக்கறை உள்ளவர். வயிறு மட்டும் சமவெளி வயிறு. எழுபது வளைவில் வெளுத்துப்போய் இறங்கியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் நோட்டைக் கேட்டார்.

"கசிவு, அம்பத்திரண்டு வளைவுன்னு எழுதியிருக்கு. வளைவுங்கறது என்னய்யா அளவு?"

"செஞ்சே காட்டுறேனுங்க சார்" என்று லஸ்கர் வாளியை வைத்து உட்கார்ந்தார்.

நான் தடுத்திருக்க வேண்டும். எட்டாவது வளைவில் பொறியாளர் கைக்குட்டையை எடுத்தார். பதினைந்தில் என் தோளைப் பிடித்தார். லஸ்கர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாவது வளைவில் பொறியாளர் வாயைப் பொத்திக்கொண்டு புதரைப் பார்த்து ஓடினார்.

"ஏனுங்க சார், இன்னும் முப்பது இருக்குதுங்களே" என்று லஸ்கர் பின்னாலிருந்து கூப்பிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

என் அறையில் படுத்து எலுமிச்சைச் சாறு குடித்துத் தெளிந்த பிறகு பொறியாளர் நிதானமாகச் சொன்னார். "பெரியவரே, உங்க கணக்கு எனக்குப் புரியுது. கசியறது தப்பில்ல, ஆனா கூடிக்கிட்டே போகக் கூடாது. எழுபதுல பாதி, அதாவது முப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா, இல்ல தண்ணி கலங்கலா வந்துச்சுன்னா, அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணுங்க. அன்னைக்கே படகை நிறுத்தி, தண்ணிய எறக்கி, கரையைப் பிரிச்சுப் பாக்கணும். படகுத்துறையை மூடற மாதிரி இருக்கும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு என் முன்னால பஸ் ஓட்டாதீங்க."

படகுத்துறையை மூடினால் என்னைக் கீழே அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். லஸ்கருக்கும் தெரியும். ஏனென்றால் மாறுதல் கேட்டு நான் எழுதிய மூன்று விண்ணப்பங்களையும், ஜாக்கெட்டோடு நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டவர் அவர்தான்.

சுற்றுலாக் காலம் முடிந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பனி இறங்கினால் எதிர்க்கரை தெரியாது. நாள் முழுக்க ஒருவர் வரமாட்டார். பதினோரு வாத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். நான் சீட்டுக் கொடுக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன், அவர் மதகருகே உட்கார்ந்திருப்பார். சில நாள் நாங்கள் பேசுகிற மொத்தப் பேச்சே அந்தக் காலை எண்ணிக்கைதான். அவர் ஈரக்காலோடு மேலே வந்து "அம்பதுங்க" என்பார். நான் "சரி லஸ்கர்" என்பேன். அதற்கே எனக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு நாள்தான் கேட்டேன். "செல்போன்லயே கடிகாரம் இருக்கு. ஏன் இந்த வளைவுக் கணக்கு?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னார். "என்ற புள்ளையக் கீழ சேந்தமங்கலத்துல கட்டிக் குடுத்தேனுங்க. அவ பிரசவத்துக்குன்னு என்ற ஊட்டுக்காரி எறங்கிப் போனா. பேரன் இப்ப பள்ளிக்கோடம் போறான். வாரேன் வாரேன்னு போன்ல சொல்றா. இந்தக் குளுரு இனி அவ ஒடம்புக்கு ஆவாதுங்க, அதைச் சொல்ல மாட்டேங்கறா."

"நீங்க போய்ப் பார்க்கலாமே?"

"இதை ஆருங்க பாக்கறது?" என்று கரையைக் காட்டினார். "அதேன் காலையில வாளிய வெச்சா, அது நெறையற வரைக்கும் எறங்கிப் போறேனுங்க. முன்னெல்லாம் கசிவு கொறச்சலுங்க. எழுபதும் முடிஞ்சு அடிவாரம் காரவள்ளி வரைக்கும் போயிருவேன். இன்னும் நாலு எட்டு வெச்சா ஊடுதான். இப்பத்தான் தண்ணி வெசயா வருது. பாதி மலையிலயே நிறுத்திப்புடுது."

என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. மூக்கில்லாத வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் நான் சிரித்த அந்த ஹாரன் சத்தத்துக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வருஷம் ஆனியில் விடாமல் மழை. அணை நிரம்பிக் கலிங்கைத் தொட்டது. ஆடிப் பதினெட்டு நெருங்கியது. அன்றைக்குக் கொல்லிமலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி எங்கள் படகில் ஏறும், மீதி கரைமேல் நின்று முறைக்குக் காத்திருக்கும். வாளியோ நாளுக்கு நாள் சீக்கிரம் நிரம்பியது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தாறு.

மறுநாளும் முப்பத்தாறு. அதற்கு மறுநாளும் முப்பத்தாறு. "நின்னுருச்சுங்க சாமி" என்றார் லஸ்கர், என் முகத்தைப் பார்க்காமல். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அதே நாட்களில் எனக்கு வேறு தலைவலி. படகுகளின் மிதிகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதல் நாள் மூன்று படகுக்கு மிதி இல்லை, மறுநாள் இன்னும் மூன்று. எவன் மிதியைக் கழற்றிக்கொண்டு போவான்? குரங்கைச் சந்தேகப்பட்டேன். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த குரங்கு எது என்று லஸ்கரிடமே வேறு கேட்டேன். "அதுங்க கெட்டிக்காரதுங்க சாமி" என்றார். நான்காம் நாள் காலை பதினோரு வாத்துக்கும் மிதி இல்லை. வந்தவர்களையெல்லாம் படகு ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன். கூட்டம் என்னைத்தான் திட்டியது. லஸ்கர் கரை வழியைக் கயிறு கட்டி அடைத்து, ஒருவரையும் மேலே விடவில்லை.

அன்றும் முப்பத்தாறு என்றார். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு எனக்குள் ஏதோ உறுத்தியது. மூன்று வருஷ நோட்டையும் எடுத்துப் புரட்டினேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே எண் ஒருமுறைகூட வந்ததில்லை.

ஐந்தாம் நாள் ஏழு மணிக்கு முன்பே நான் கரையின் பின்பக்கம் இறங்கிவிட்டேன். லஸ்கர் அங்கே இருந்தார். கசிவு வாய்க்காலைச் சுற்றி மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நாலு நாளாகத் தனி ஆளாகச் சுமந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கை ஸ்டீயரிங் பிடிக்கவில்லை. நானே கல்லில் உட்கார்ந்து பிடித்தேன். ஒன்று, பாம். இரண்டு, பாம். எத்தனையோ நாள் பார்த்த பழக்கம், அவர் வேகம் எனக்கு வந்திருந்தது. முப்பத்தொன்றில் வாளி வழிந்தது. அவர் அதிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"கசியறது வேர்க்கற மாதிரிங்க சாமி, அது தப்பில்லீங்க. இப்பிடிக் கலங்கலா வந்தா, மண்ணை உள்ளாற இருந்து அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்."

"எத்தன நாளா?"

"கலங்கல் இன்னைக்குத்தானுங்க. வளைவு நாலு நாளா. பொய் எழுதிப்புட்டேன்." அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. "இந்த நோட்டுல இதுவரைக்கும் நானு பொய்யே எழுதுனதில்லீங்க."

"பொறியாளர் போன் பண்ணச் சொன்னாரே லஸ்கர்! இத்தன ஜனம் வர்ற எடம்!"

"அதனாலதானுங்க மிதியெல்லாம் கழட்டுனேன். எல்லாம் என்ற பொட்டியில பத்திரமா இருக்குது. நேத்துல இருந்து ஒரு உசுரையும் தண்ணியில எறங்க உடலீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "போன் போட்டா படகுத்துறைய மூடுவாங்க. மூடுனா உங்களைக் கீழ அனுப்பிப்புடுவாங்க. அப்பறம் காலையில மேல ஏறி வந்து, எத்தனாவது வளைவுன்னு ஆருகிட்டீங்க நானு சொல்றது?"

மூன்று விண்ணப்பம் எழுதிய கை என் கை. போனை எடுத்து நானே பொறியாளரை அழைத்தேன். முப்பத்தொன்று, கலங்கல் என்றேன். நாலு நாள் கதையைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று லஸ்கர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

மதியத்துக்குள் பொறியாளர் வந்துவிட்டார். வாயில் எலுமிச்சைத் துண்டு, கையில் போன் கடிகாரம். "ஓட்டுங்க பெரியவரே" என்றார். லஸ்கர் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் முப்பத்தொன்று. மூன்றுக்கும் இடையே ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை. எலுமிச்சையைத் துப்பிவிட்டுப் பொறியாளர் அவருக்குக் கை கொடுத்தார். உடனே லஸ்கர் நாலு நாள் பொய்யையும் அவரிடம் ஒப்பித்துவிட்டார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் மணல் மூட்டைகளையும் காலியான படகுகளையும் பார்த்தார். "இனிமே இப்படிச் செய்யாதீங்க. ரொம்பத் தப்பு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் லஸ்கர் தாங்கியிருப்பார். இதற்கு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மதகுச் சக்கரம் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. குண்டனி நாட்டிலிருந்தும் திருப்புலி நாட்டிலிருந்தும் விவசாயிகள் மரவள்ளிக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கடப்பாரை கொடுத்துத் திருப்பினார்கள். தண்ணீர் ஒழுங்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆடிப் பதினெட்டு அன்று வந்த கூட்டம் அணையில் சேற்றைத்தான் பார்த்தது. சேற்றில் பதினோரு வாத்துகள் சாய்ந்து கிடந்தன. ஜனங்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கரையைப் பிரித்துப் பார்த்தபோது மதகுக்கு வலப்பக்கம் உள்ளே ஒரு ஆள் கை நுழைகிற அளவுக்குப் பொந்து இருந்தது. "நான் அப்பவே எழுதுனனுங்க, முரடுன்னு" என்றார் லஸ்கர்.

எனக்கு மாறுதல் வந்தது. சொந்த ஊருக்கே. மூன்று வருஷம் கேட்டும் கிடைக்காதது.

புறப்பட்ட அன்று பஸ் காலை ஏழுக்கு. அணை வற்றியிருந்தாலும் அவருக்கு அது வாளி நேரம், வரமாட்டார் என்று தெரியும். பஸ் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். பனிக்குள் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரிந்தது. அந்த ஜாக்கெட்டை "சேதமடைந்தது, பயன்படாது" என்று நான் பதிவேட்டில் எழுதி, அவருக்கே விட்டுவிட்டு வந்திருந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. கீழே இறங்கும் வழியெல்லாம் டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்றாவது வளைவு தாண்டியபோது, கடைசி வாளிக் கணக்குப்படி அவரால் இதற்கு மேல் வர முடியாது என்று தோன்றியது. அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.

கரை வேலை முடிய அடுத்த ஆடி ஆகிவிட்டது. கரையைப் பிரித்துக் களிமண் அடைத்து, புதிதாகக் கல் பதித்தார்கள். தண்ணீர் மறுபடி நிரம்பிய பிறகு ஒரு நாள் காலை போன் வந்தது.

"சாமி, நானு லஸ்கர் பேசறேனுங்க. நல்லாருக்கீங்களா? வாளி வெச்சேனுங்க. எழுபதும் முடிஞ்சுது. காரவள்ளி தாண்டி, சேந்தமங்கலத்துல என்ற புள்ள ஊட்டு வாசல்லயே போய் நின்னுட்டேன்."

"அப்படியா லஸ்கர்!" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டாள்.

"இன்னமும் வாளி நெறையலீங்க. சும்மா நின்னுக்கிட்டே இருந்தேன். அதுக்கு மேல எங்க போறதுன்னு தெரியல." கொஞ்சம் தயங்கினார். "அதேன் கேக்கலாம்னு போட்டேனுங்க. அங்கிருந்து உங்க ஊருக்கு எப்பிடிங்க வாரது?"

நான் ஒவ்வோர் ஊராகச் சொன்னேன். நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர், வடுவூர், மன்னார்குடி. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் வளைவே கிடையாதே, எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு ஒரு விசில் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

இப்போது தினமும் போன் வருகிறது. கசிவு இன்னும் குறைகிறதாம். போன வாரம் செங்கிப்பட்டி. நேற்று வல்லம். "ஏழு மணியானா வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?" என்று என் மனைவி கேட்கிறாள்.

ஒரு ஆள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார், வல்லம் தாண்டிவிட்டார் என்றேன்.